பெயர் வராத எண்கள்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போலிருந்து வரவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் இருபது நிமிடம் தாமதம். உட்கார இடமில்லை. திருவெறும்பூர் வரை நின்றுகொண்டே.

சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து மெயில். மாதக் கடைசிக்குள் நம் சர்வரை அவர்களுடையதோடு இணைக்கப் போகிறார்களாம். அதற்குள் பழைய குப்பையைச் சுத்தம் செய்ய வேண்டும். கூடவே ஒரு பட்டியல். பெயர் வராத எண்கள், அறுபத்து மூன்று.

சரவணன் சார் என் மேஜைக்கே வந்துவிட்டார். மேனேஜராக வந்து இரண்டு வருடம்தான். எங்கள் ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் யார் எந்தக் கதவு வழியாகப் போவார் என்பதுகூட இன்னும் முழுதாகத் தெரியாது. நல்ல மனிதர்.

"என்ன மேடம் இது, ஒண்ணொண்ணும் கூட்ஸ் வண்டி மாதிரி இவ்ளோ நீளமா இருக்கு?"

சொன்னேன். சர்வருக்கு ஆட்களைப் பெயர் சொல்லித் தெரியாது. ஒருவருக்கு லாகின் போட்டால் அதற்கு ஒரு நீண்ட எண் வைத்துக்கொள்ளும். எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம், யார் எதை அழித்தார், எல்லாவற்றையும் அந்த எண்ணின் பேரில்தான் எழுதிவைக்கும். நமக்குக் காட்டும்போது மட்டும் டைரக்டரியில் தேடி, பெயராக்கிக் காட்டும். லாகினை நீக்கிவிட்டால் தேடினாலும் பெயர் கிடைக்காது. வெறும் எண் நிற்கும்.

"அப்ப இவங்க எல்லாரும் போனவங்களா?"

"ஆமா சார். யாருன்னு கண்டுபிடிச்சுதான் எடுக்கணும். தெரியாம எடுத்தா எங்கயாவது ஒரு மெஷின் நின்னுடும்."

"நீங்கதான் பத்தொம்பது வருஷமா இருக்கீங்களே. உங்களுக்குத் தெரியாத ஆளா?"

வாங்க வேண்டியவை: காபித்தூள், கொசுவத்தி, பாத்ரூம் பல்பு. பல்பை மறந்தாயிற்று. இருட்டில் குளியல்.

அக்டோபர் 8, புதன்

பழைய டைரக்டரியின் பேக்கப் டிஸ்க் கிடைத்தது. இரும்பு அலமாரியில், பழைய காலண்டர்களுக்குக் கீழே. நான்கு வருடத்துக்கு முந்தையது. பிறகு நீக்கிய லாகின்களின் பெயர்கள் இதில் இன்னும் இருக்கும். ஒரு பழைய கம்ப்யூட்டரில், நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதை ஏற்ற வேண்டும். தனியாக ஓடினால்தான் பத்திரம்.

இப்ராஹிம் பாய் எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுவந்து கொடுத்தார். எலக்ட்ரீஷியன். எனக்கு முன்பிருந்தே இங்கே.

"இந்தப் பொட்டிக்கு இன்னும் உசுரு இருக்கா மேடம்?"

"பாக்கலாம் பாய்."

"வந்துரும். இன்ஷா அல்லாஹ்."

மூன்றரை மணிக்கு வந்தது. ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். பெயர் வர வர நோட்டில், எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தோடு.

1107: பெயின்ட் ஷாப் சுப்பையா அண்ணன். ரிட்டயர்டு.
1212, 1213: அப்ரென்டிஸ் பெண்கள் இருவர். ஒருத்தி கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தாள். போகவில்லை.
1533: ஆளே இல்லை. கேன்டீன் டோக்கன் கம்ப்யூட்டர்.
1290: வசந்தா, டாக்குமென்ட் ரூம்.

அதோடு இன்றைக்கு நிறுத்திவிட்டேன். இருபத்தேழு முடிந்தது. மத்தியானம் வழக்கம் போல மேஜையிலேயே சாப்பாடு. தயிர்சாதம், நேற்றைய ஊறுகாய்.

அக்டோபர் 9, வியாழன்

சாயங்காலம் நல்ல மழை. கொடிக்கயிற்றில் காய்ந்த புடவைகள் மறுபடி நனைந்தன.

வசந்தாவைப் பற்றி நான்கு வருடமாக இந்த டைரியில் ஒரு வரி எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரு வயது சின்னவள். பதினோரு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். எடமலைப்பட்டி புதூரிலிருந்து அவளும் ஸ்ரீரங்கத்திலிருந்து நானும். அவள் டிபன் பாக்ஸில் எனக்கென்று ஒரு தட்டு தனியாக வரும். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது நாளும் அவள்தான் மாற்றி மாற்றி என்னோடு இருந்தாள். ஃபேக்டரியில் வரைபடங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. திருத்தின வரைபடம் வந்தால் ஃபோல்டரில் ஏற்றி, ஷாப்புக்குத் தகவல் சொல்வாள்.

ஒரு நாள் அந்த ஃபோல்டரில் பாதி காலி. திருத்தினவை போய்விட்டன. ஷாப்பில் யாரோ பழைய பிரிண்டை வைத்துத் துளை போட்டுவிட்டார்கள். பாய்லர் பிளேட் ஒரு லாட் முழுக்க வீண். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

யார் எதை அழித்தார் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தோம். அழித்தவர் இடத்தில் ஒரு எண். பெயர் இல்லை. அப்போதிருந்த மேனேஜர் என்னைக் கேட்டார்.

"பேர் வரலையா?"

"வரலை சார். நீக்கின லாகின். பேக்கப்ல பாக்கணும்னா ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் எல்லாம் முடியாது. அந்த ஃபோல்டர்ல அழிக்கிறதுக்கு யாருக்கு பர்மிஷன்?"

"டாக்குமென்ட் ரூம்ல வசந்தாவுக்குத்தான் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். பழைய லாகின் ஏதோ ஒன்றை வைத்து அவள்தான் அழித்திருக்கிறாள், தப்பை மறைக்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். மூன்று நாள் விசாரணை. நான்காம் நாள் அவளையே ராஜினாமா எழுதச் சொன்னார்கள்.

எழுதியாகிவிட்டது. ஒன்றும் லேசாகவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

மேகமூட்டம். மீதி எண்கள். 1601, 1644, 1702, மூன்றும் கான்ட்ராக்ட் ஆட்கள்.

1847.

பெயர்: கிளீனப் டெஸ்ட். விவரம் என்ற கட்டத்தில்: மாலதி, சோதனைக்கு, வெள்ளிக்கிழமை நீக்கவும்.

மாலதி நான்தான்.

திரையை அணைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். எதற்கென்று தெரியவில்லை. திரும்பி வந்து மறுபடி அடித்தேன். அதே பெயர்.

பிறகு விசாரணை அறிக்கையின் நகலைத் தேடி எடுத்தேன். டைப் செய்ததே நான். நான்காவது பத்தியில் அந்த எண் முழுதாக. ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தேன். கடைசி நான்கு: ஒன்று, எட்டு, நான்கு, ஏழு.

இப்போது ஞாபகம் வருகிறது. சர்வரில் இடம் பற்றவில்லை. பழைய ஃபைல்களைத் தானாக அழிக்க ஒரு ஏற்பாடு செய்து பார்த்தேன். அதற்கென்று ஒரு லாகின், எல்லா ஃபோல்டருக்கும் அனுமதியோடு. எந்த ஃபோல்டர் என்பதைத் தப்பாகக் கொடுத்திருக்கிறேன். மூன்று நாள் ஓடியது. சரியாக வரவில்லை என்று நிறுத்திவிட்டு, எழுதி வைத்தபடி வெள்ளிக்கிழமை லாகினை நீக்கிவிட்டேன். சுத்தமான வேலை.

அது நான் போட்ட லாகினாக இருக்குமோ என்று அன்றைக்கு ஒரு நொடியாவது எனக்குத் தோன்றியதா? தோன்றித்தான் "ரெண்டு நாள் ஆகும்" என்றேனா? நேர்மையாகச் சொன்னால், தெரியவில்லை.

அக்டோபர் 11, சனி

லீவு. காலையில் அம்மா மண்டபம் வரை நடந்தேன். ஆற்றில் தண்ணீர் நிறைய. படியில் உட்கார இடம் தேடிவிட்டு உட்காராமலே திரும்பினேன்.

வசந்தாவின் பழைய எண்ணுக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல், முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். இரண்டையும் முழுக்கக் கேட்டேன்.

கீழ் போர்ஷன் மாமி மாடியேறி வந்தார். "பெருமாள் சேவிச்சுட்டு வந்தேன். பிரசாதம். எடுத்துக்கோ." முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

"இல்ல மாமி. தலைவலி."

"தீபாவளிக்கு அண்ணா ஆத்துலேர்ந்து யாரும் வரலியா?"

"அவங்க பெங்களூர்ல மாமி. லீவு கிடைக்காது."

தண்ணீர் மோட்டார் பற்றி ஏதோ சொன்னார். காதில் விழவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

சரவணன் சாரிடம் சொன்னேன். நோட்டு, அறிக்கை, திரை, மூன்றையும் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"நாலு வருஷம் ஆச்சு மேடம். அந்த மேனேஜரும் ரிட்டயர் ஆயிட்டாரு. அந்தம்மாவும் எங்கயாவது செட்டில் ஆகியிருப்பாங்க. இப்பப் போயி இதைக் கிளறினா, முதல்ல போறது உங்க வேலைதான்."

"தெரியும் சார்."

"லிஸ்ட்ல டெஸ்ட் லாகின்னு போட்டு எடுத்துடுங்க. அது பொய் இல்லையே?"

பொய் இல்லைதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெயில். 1847 என்ற வரியில் 'டெஸ்ட் லாகின், தேவையில்லை' என்று அடித்தேன். சேமித்தேன். அறுபத்து மூன்றும் முடிந்தது. சரவணன் சார் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மத்தியானம் சாப்பிட முடியவில்லை. டிபன் பாக்ஸை அப்படியே கொண்டுவந்து நாய்க்கு.

இனி இதைப் பற்றி எழுதுவதில்லை.

அக்டோபர் 16, வியாழன்

எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்ராஹிம் பாய் அந்தப் பழைய கம்ப்யூட்டரை எடுத்துப் போக வந்தார். அவரும் எடமலைப்பட்டி புதூர்தான். வசந்தாவின் தெருவுக்கு அடுத்த தெரு. கேட்டுவிட்டேன்.

"வசந்தா இப்ப எங்க இருக்காங்க பாய்?"

ஒயரைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "இத்தனை நாள் கழிச்சு கேக்குறீங்க."

"ஆமா பாய்."

"துறையூர் மேடம். அவங்க வீட்டுக்காரர் ஊரு. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட இ-சேவை கடை வச்சிருக்காங்க. என் மச்சான் ஆதார்ல அட்ரஸ் மாத்தப் போனப்ப பாத்துருக்காப்ல." ஒயரை மடித்து வைத்துவிட்டு, "இங்கயே மூணு கம்பெனியில வேலை கேட்டாங்க மேடம். ஒவ்வொருத்தனும் நம்ம ஆபீஸுக்கு போன் போட்டு விசாரிச்சதும் வேணாம்னுட்டான். அதுக்கப்புறந்தான் ஊரை விட்டுப் போனாங்க."

போன் போட்டு விசாரித்ததும். அந்த போனை எங்கள் ஆபீஸில் யார் எடுத்திருப்பார்கள், என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே இரண்டு மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 18, சனி

துறையூர் போய்வந்தேன்.

சத்திரத்தில் ஒன்பதே காலுக்கு பஸ். தீபாவளிக் கூட்டம். மடியில் யாருடைய துணிப் பையோ. திருவெள்ளறைக் கோபுரம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேன். கண்டக்டர், "துறையூர்தானே சீட்டு எடுத்தீங்க? உக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

சின்னக் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். வாசலில் எட்டு பேர். நானும் வரிசையில் நின்றேன். வருமானச் சான்று, பட்டா, முதியோர் பென்ஷன். அவள் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள். முன்நெற்றியில் நரை. கண்ணாடி புதிது. என் முறை வந்தது.

"பேரு சொல்லுங்க."

"வசந்தா."

"என் பேரு இல்லீங்க, உங்க..." நிமிர்ந்தாள். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு, "வாங்க மேடம். என்ன வேணும்?"

மேடம் என்றாள் என்னை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பின்னால ஆள் நிக்கிறாங்க. அப்படி உக்காருங்க."

ஒன்றே முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக் ஸ்டூலில். கூட்டம் குறைந்ததும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். சொன்னேன். எண், லாகின், நான் செய்த ஏற்பாடு, பேக்கப், எல்லாம். அழாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்திருந்தேன். அழவில்லை.

முடித்ததும் கேட்டாள்.

"நான் அழிக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ இதைச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்த?"

"நான்தான்னு சொல்றதுக்கு வந்தேன்."

"அது போகட்டும். மிஷின்ல தப்பு வரும். எனக்குத் தெரியாதா? மூணு நாள் விசாரணை நடந்துச்சே. மூணு நாளும் நீ வேற டேபிள்ல போயி உக்காந்து சாப்பிட்ட. நான் உனக்குப் பிரிச்சு வச்ச தட்டை அப்படியே மூடி எடுத்துட்டுப் போனேன். அப்ப எந்தச் சர்வர் உன்னை அங்க போயி உக்காரச் சொல்லுச்சு?"

யாராவது பார்த்தால் நானும் அவளும் சேர்ந்து செய்ததாக நினைப்பார்களோ என்று பயம். அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"பயமா?" என்றாள். "சரி."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எழுத்துல குடுக்கச் சொல்லு. கம்பெனி லெட்டர்ல, என் பேரு போட்டு, அது நான் இல்லைன்னு. என் பொண்ணு ஒரு நாள் கேட்டா, ஏம்மா வேலைய விட்டு அனுப்புனாங்கன்னு. காட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. நான் அதை எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஐந்து மணிக்கே வெடிச் சத்தம். எண்ணெய் தேய்த்துக்கொண்டேன், பாதி முதுகு வரை எட்டியது. மாமி லேகியமும் முள்ளுத்தேன்குழலும் கொடுத்தார். அண்ணனிடமிருந்து போன். நான்கு நிமிடம். அண்ணி, பிள்ளைகள், "ஹேப்பி தீபாவளி அத்தை", முடிந்தது.

மத்தியானம் ஹெட் ஆபீஸுக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். ஆறு முறை. ஒவ்வொரு தடவையும் 'தவறு நேர்ந்துவிட்டது' என்றே வருகிறது. யார் செய்தது என்று வரவில்லை. ஏழாம் முறை 'நான்' என்று ஆரம்பித்தேன். பிறகு சுலபமாக இருந்தது. ஒன்றரைப் பக்கம், கடைசியில் வசந்தா கேட்ட கடிதமும் அவள் கடை விலாசமும்.

அக்டோபர் 22, புதன்

மழை. ஆபீஸில் பாதிப் பேர் லீவு. பட்டியலில் 1847 வரியைத் திருத்தினேன். 'டெஸ்ட் லாகின். உருவாக்கியதும் ஓடவிட்டதும் மாலதி. விசாரணை அறிக்கையில் உள்ள எண் இதுவே.'

மெயில்: ஹெட் ஆபீஸ், ஹெச்.ஆர்., சரவணன் சார். பத்து மணி இருபது நிமிடத்துக்கு அனுப்பினேன்.

பதினோரு மணிக்கு சரவணன் சார் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம் மேடம்."

"சொல்லியிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன் சார்."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார்.

அக்டோபர் 27, திங்கள்

சென்னையிலிருந்து இருவர். ஒரு பெண், ஒரு ஆண். இரண்டு மணி நேரம் கேள்வி. பழைய கம்ப்யூட்டரைத் திரும்ப வரவழைத்து, அவர்கள் எதிரிலேயே எண்ணை அடித்துக் காட்டினேன். பெயர் வந்தது. அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார், "நீங்களா சொல்லலைன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இல்லையா?"

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"பின்ன ஏன்?"

"வேற ஒருத்தர் பேர்ல நிக்குதே மேடம்."

எழுதிக்கொண்டார்.

கேன்டீனில் நான் வரிசையில் நின்றபோது முன்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு மூலைக்கு.

அக்டோபர் 31, வெள்ளி

மெமோ வந்தது. சர்வர் பொறுப்பிலிருந்து விலக்கம். என் லாகினையும் முடக்கிவிட்டார்கள். திங்கள் முதல் டைம் ஆபீஸ். வருகைப் பதிவேடு, பாஸ் எழுதுவது. வேலையை விட்டு அனுப்பவில்லை, 'தானாக முன்வந்து தெரிவித்ததைக் கருத்தில் கொண்டு' என்று ஒரு வரி.

வசந்தாவுக்குக் கடிதம் போயிற்றா என்று ஹெச்.ஆரில் கேட்டேன். நேற்றே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார்களாம். நகலைக் காட்டவில்லை. "அது அவங்களுக்கும் கம்பெனிக்கும் மட்டும் மேடம்" என்றான் அந்தப் பையன். சரிதான்.

சாவி, பாஸ்வேர்டு நோட்டு, பேக்கப் டிஸ்க், எல்லாம் ஒப்படைத்தேன். அலமாரியில் என்னுடையது என்று ஒரு ஸ்பூனும் ஒரு குடையும் மட்டும்.

நவம்பர் 3, திங்கள்

டைம் ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்தில். வெயில் நேராக மேஜைமேல். நூற்றுப்பதினாறு பாஸ் எழுதினேன். இப்ராஹிம் பாய் தானாகவே வந்து ஒரு ஃபேன் மாட்டிவிட்டுப் போனார். ஏணியிலிருந்து இறங்கும்போது, "எங்க தெரு முழுக்க தெரிஞ்சிருச்சு மேடம், அது அந்தம்மா இல்லைன்னு" என்றார்.

நவம்பர் 5, புதன்

தூறல். மத்தியானம் ஒன்று பத்துக்குப் புது எண்ணிலிருந்து போன். பார்சல்காரர் என்று நினைத்து எடுத்தேன்.

"வசந்தா பேசறேன்."

எழுந்து நின்றுவிட்டேன்.

"லெட்டர் வந்துச்சு. கே. வசந்தான்னு போட்டிருக்காங்க. அது என் வீட்டுக்காரர் இனிஷியல். என் சர்டிபிகேட் எல்லாத்துலயும் ஜி தான் இருக்கு. இதைக் கொண்டுபோய் காட்டுனா வேற யாரோன்னுதான் சொல்லுவாங்க."

"நாளைக்கே மாத்தித் தரச் சொல்றேன். நானே கையில வாங்கிட்டு வரவா?"

"எதுக்கு? தபால்ல அனுப்பச் சொன்னா போதும்."

"சரி."

யாரோ அவளிடம் ஜெராக்ஸ் எவ்வளவு என்று கேட்டார்கள். சொன்னாள். வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். ஃபேன் சத்தம் கேட்டது, என்னுடையதா அவளுடையதா தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு. மத்த நாள் ஒம்பதுல இருந்து இருப்பேன்."

வைத்துவிட்டாள்.